கேஜ் ஒண்ணுதான், சக்கரம் வேற

டெக் ஃபெஸ்ட்டுக்கு மூணு நாள்தான் இருந்துச்சு. லேப் மேஜையில நாங்க போட்டிருந்த மாடல் ரயில், ஒரே இடத்துல திரும்பத் திரும்பத் தடம் புரண்டுச்சு. இன்ஜின் ஒழுங்கா போயிடும். பின்னாடி வர்ற ரெண்டு பெட்டி மட்டும், பாதை ரெண்டா பிரியற பாயின்ட்ல ஏறி விழும்.

தண்டவாளம் போட்டது செகண்ட் இயர் தம்பி ஒருத்தன். எல்லார் முன்னாடியும் அவனைத் திட்டினேன். அவன் எதுவும் பேசல. அன்னிக்கு ராத்திரியே பாயின்ட்டைப் பிரிச்சு மூணு தடவை மாட்டினான்.

பெட்டி மேல எனக்குச் சந்தேகமே வரல. செகண்ட் ஹேண்ட்ல பார்த்துப் பார்த்து வாங்கினது நான்தானே! டப்பாவுல ‘எச்ஓ’ன்னு போட்டிருந்துச்சு. எச்ஓன்னா நிஜ ரயில்ல 87-ல ஒரு பங்கு. 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜை 87-ஆல வகுத்தா 16.5 மி.மீ. எங்க தண்டவாளமும் 16.5. அப்புறம் எப்படிப் பொருந்தாம போகும்?

இங்கதான் நீங்களும் ஏமாறுவீங்க. நேர் பாதையில ஓட கேஜ் சரியா இருந்தா ஓரளவு போதும். பாயின்ட்ல போதாது. அங்க ஒரு தண்டவாளம் இன்னொண்ணைக் குறுக்கே வெட்டுற இடத்துல, சக்கர விளிம்பு நுழைய ஒரு இடைவெளி விட்டிருப்பாங்க. சக்கரம் அதுல தப்பான பக்கம் போயிடாம இருக்க, எதிர்ப்பக்கத் தண்டவாளத்துக்கு உள்பக்கமா ஒரு செக் ரெயில் இருக்கும். அது பிடிக்கிறது சக்கரத்தோட முதுகை. அதனால ரெண்டு சக்கரத்தோட உள்முகங்களுக்கு நடுவுல உள்ள ‘பேக் டு பேக்’ தூரம்தான் முக்கியம். கூடினா விளிம்பு கிராஸிங்கோட கூர்முனையில மோதும். குறைஞ்சா சக்கரம் உள் தண்டவாளங்களைக் கவ்விக்கிட்டு மேல ஏறும். நிஜ ரயிலுக்கும் இதே கணக்குதான். நம்ம அகலப்பாதை 1676 மி.மீ., பேக் டு பேக் 1600.

ஆளுக்கொரு அளவுல செஞ்சா ஒருத்தர் வண்டி இன்னொருத்தர் பாதையில ஓடாது. அதுக்காகத்தான் அமெரிக்காவுல 1935-ல ஆரம்பிச்ச என்எம்ஆர்ஏ சங்கம் சக்கரத்துக்கும் பாதைக்கும் சேர்த்தே அளவு வகுத்துச்சு. ஐரோப்பாவுக்கு என்இஎம்னு தனி அளவுகள் இருக்கு. சக்கர விளிம்போட ஆழத்துலயும் வித்தியாசம் உண்டு. என்எம்ஆர்ஏவோட ஆர்பி-25 சக்கரத்துல ஆழம் சுமார் 0.64 மி.மீ.தான். பழைய ஐரோப்பியச் சக்கரங்கள்ல 1 மி.மீ.க்கு மேலயும் பார்க்கலாம். டப்பாவுல இருக்கிற ‘எச்ஓ’ இதையெல்லாம் சொல்லாது.

மறுநாள் அந்தத் தம்பி டிஜிட்டல் காலிப்பரோட வந்தான். “அண்ணா, ஒருவாட்டி சக்கரத்தை அளந்து பார்க்கலாமா?”ன்னான். இன்ஜின்ல 14.4 மி.மீ. வந்துச்சு. நான் வாங்கின பெட்டியில 13.9. அச்சைப் பிடிச்சுக்கிட்டு சக்கரத்தை லேசா திருகி வெளிய இழுத்து, 14.4 வர்ற வரைக்கும் நகர்த்தினோம். எட்டு அச்சுக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஃபெஸ்ட் அன்னிக்கு அந்த ரெண்டு பெட்டியும் ஒரு தடவை கூட விழல.

அடுத்த தடவை உங்க ப்ராஜெக்ட்ல ஏதாவது பொருந்தலன்னா, ஆளைத் திட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் அளந்து பாருங்க. முக்கியமா, நீங்க கொண்டுவந்த பக்கத்தை.

அவன்கிட்ட அன்னிக்கே ஸாரி சொன்னேன், யாரும் இல்லாதப்ப. திட்டினது எல்லார் முன்னாடியும் ஆச்சே. அதான் இங்கயும் எழுதுறேன்: தம்பி, உன் தண்டவாளம் முதல் நாள்லேர்ந்தே சரியாதான் இருந்துச்சு.