சுமை ஏற்றும் முறை



எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பிழைப்பு இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில். எங்களில் ஒருவர் அங்கே ஃபிட்டர். மற்றவர் வீட்டில் தையல் இயந்திரத்தோடு இருப்பவர். டிப்ளமோ முடித்த எங்கள் மகன், எரிவாயு மின் நிலையம் ஒன்றில் பயிற்சிப் பணிக்கு நேர்காணல் சென்று வந்தான். "டர்பைனை எப்படித் துவக்குவாய்?" என்று கேட்டார்களாம். "எரிவாயுவைத் திறந்து பற்றவைப்பேன்" என்றானாம். அத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து வேறோர் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. பிறருக்குச் சொல்லிப் புரியவைத்தால்தான் தனக்குப் புரிந்ததா என்பது தெரியும் என்று, இஷாவுக்குப் பிறகு மொட்டை மாடியில் எங்களையே மாணவர்களாக அமர்த்திக்கொண்டான்.

1939இல் சுவிட்சர்லாந்தின் நியூசாடெல் நகரில் 4 மெகாவாட் அளவில் தொடங்கிய தொழில்நுட்பம் இது. நம் மாநிலத்தில் இராமநாதபுரம் மாவட்டத்து வழுதூரிலும், டெல்டாப் பகுதியில் குத்தாலத்திலும், கோவில்களப்பாலிலும் இத்தகைய நிலையங்கள் இருக்கின்றன. காற்றை உள்ளிழுத்து அழுத்துவது கம்ப்ரசர். அந்தக் காற்றில் வாயு எரிகிறது. எரிந்த வெப்பக்காற்று டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் உண்டாக்கும் ஆற்றலில் பாதிக்கும் மேல் தன் கம்ப்ரசரைச் சுழற்றவே செலவாகிவிடும். ஆகவே அது தானாகத் துவங்க இயலாது. வேறொன்று தள்ளிவிட வேண்டும்.

முதல் வேலை எண்ணெய் பம்பு. தாங்கிகளில் எண்ணெய் ஓடாமல் அச்சு அசையக்கூடாது. அடுத்து அச்சை மிக மெதுவாக உருட்டிக்கொண்டிருப்பார்கள். சூடான அச்சு அசையாமல் நின்றால் வளைந்துவிடும். பிறகு துவக்க மோட்டார் அதை முழு வேகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குக் கொண்டுபோகும். அப்போதும் தீ வைப்பதில்லை. சில நிமிடங்கள் வெறும் காற்றையே ஊதிக்கொண்டிருக்கும். முந்தைய முயற்சியில் எரியாமல் தங்கிய வாயு வெளியேற வேண்டும். தங்கியிருந்தால் முதல் பொறியிலேயே வெடிக்கும். மகன் முதல் நேர்காணலில் தவறவிட்ட படி இதுதான்.

அதன் பின்னரே பொறி. சில நொடிகளில் சுடர் தென்படாவிட்டால் வாயு அடைபடும். மீண்டும் காற்று ஊதுவதிலிருந்து தொடங்க வேண்டும். சுடர் நின்றால் வேகம் ஏறும். ஏறத்தாழ 60 விழுக்காட்டில் இயந்திரம் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். துவக்க மோட்டார் விலகிக்கொள்ளும்.

முழு வேகம் வந்ததும் மின்னழுத்தம், அதிர்வெண், அலையின் கட்டம் மூன்றும் 50 ஹெர்ட்ஸில் ஓடும் மின்கட்டமைப்போடு பொருந்த வேண்டும். பொருந்திய கணத்தில் பிரேக்கர் மூடப்படும். உடனே சிறிதளவு லோடு ஏற்றுவார்கள்; இல்லையேல் கட்டமைப்பே ஜெனரேட்டரை மோட்டாராக இழுத்துச் சுழற்றத் தொடங்கிவிடும். பிறகு படிப்படியாகத்தான் லோடு ஏறும். வெளியேறும் சூட்டில் நீராவி உண்டாக்கும் நிலையமாக இருந்தால், கொதிகலனும் நீராவி டர்பைனும் சீராகச் சூடேறும்வரை குறைந்த லோடிலேயே காத்திருக்க வேண்டும். குளிர்ந்து கிடந்த நிலையிலிருந்து துவக்கினால் இதற்கே மணிக்கணக்கில் ஆகும்.

"அவசரப்பட்டு ஏற்றினால்?" என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

"அன்றைக்கு ஒன்றும் ஆகாது, அத்தா. லோடை எடுத்துக்கொள்ளும். கனமான உலோகம் சமமில்லாமல் சூடேறுவதால், திரும்பத் திரும்ப அப்படிச் செய்தால் உள்ளே விரிசல் விழும். வெளியே தெரிய நாளாகும்."

அவன் இயந்திரத்தைப் பற்றித்தான் சொன்னான். எங்கள் மனம் அலமாரியில் இருந்த ஒரு தாளுக்குப் போனது. வேலை கிடைத்த முதல் மாதத்திலிருந்து அவன் ஏற்க வேண்டியவை என்று நாங்கள் இருவரும் எழுதி வைத்தது அது: அக்காள் திருமணத்துக்கு வாங்கிய கைமாற்று, கூரை வேலை, தம்பியின் கல்லூரிக் கட்டணம். அவன் அதைப் பார்த்துவிட்டான் என்பதும் எங்களுக்குத் தெரியும். பார்த்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

சூரா அல்பகராவின் கடைசி வசனம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். படைத்தவன் அடியாரிடம் காட்டும் அந்தக் கணக்கை, பெற்றவர்கள் நாங்கள் பிள்ளையிடம் காட்ட மறந்திருந்தோம். புது ஊரில் தன் உணவுக்கும் அறைக்கும் தன்னையே தாங்கிக்கொள்ள அவனுக்குச் சில மாதமாவது வேண்டாமா?

அன்றிரவே தாளைத் திருத்தினோம். முதல் ஆறு மாதம் அவன் பங்கு தம்பியின் கட்டணம் மட்டும். கைமாற்று எங்கள் பொறுப்பு. கூரை அடுத்த ஆண்டுக்கு. காலையில் தாளை அவன் கையில் கொடுத்தோம். வாசித்துவிட்டு, "கூரையில் ஒழுகுகிற இடத்தை மட்டும் நான் போகுமுன் அடைத்துவிடுகிறேன், அம்மா" என்றான்.

நேர்காணலில் அதே கேள்வி வந்ததாம். எண்ணெய் பம்பிலிருந்து தொடங்கினானாம். முடிவு இன்னும் வரவில்லை, காத்திருக்கிறோம்.

நம் பிள்ளைகள் தாங்கும் அளவறிந்து சுமையேற்றும் பக்குவத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.