சின்னத் தலயும் எங்கள் அண்ணனும்

வாசகரே, உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். பல வருஷம் உழைத்த மாட்டை, கால் தளர்ந்த பிறகும் வண்டியில் பூட்டலாமா? "கூடாது" என்பீர்கள். சரி, அப்படியானால் தெருவில் அவிழ்த்து விட்டுவிடலாமா? "சே, சே!" என்பீர்கள். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டு வியாசர்பாடியில் ஒரு டீக்கடையே இரண்டு கட்சியாகப் பிரிந்ததைப் பார்த்தேன்.

2022 பிப்ரவரி 12. பெங்களூரில் ஐ.பி.எல். ஏலம் நடக்கிறது. ஜீவா ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் எல்லோர் கண்ணும் டெலிவிஷனில். சுரேஷ் ரெய்னாவின் பெயர் வந்தது. ஆரம்ப விலை 2 கோடி ரூபாய். ஒருவரும் கேட்கவில்லை. சென்னை அணியினரும் கேட்கவில்லை!

"இன்னா சார் அநியாயம் இது! சின்னத் தலயையே வேணாம்னுட்டாங்களே!" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

அவர் கோபம் வாஸ்தவமானதுதான். ரெய்னா சென்னைக்காக 11 சீஸன் ஆடியவர். ஐ.பி.எல்லில் 176 ஆட்டங்களில் 4,687 ரன். அன்றைய தேதியில் சென்னை அணியில் அவரை மிஞ்சியவர் கிடையாது. 2010 இறுதி ஆட்டத்தில் அவுட்டாகாமல் 57 ரன் அடித்து முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். 2014-இல் பஞ்சாபுக்கு எதிராக 25 பந்தில் 87! பந்தைத் தடுக்க அவர் பாய்ந்து விழுகிற அழகுக்கே டிக்கெட் காசு சரியாகப் போகும்.

பெஞ்சில் இருந்த கல்லூரிப் பையன் விடவில்லை. "2021-ல 12 மேட்ச்சுல 160 ரன்ணா. கடைசியில அவரு எடத்துல உத்தப்பா ஆடித்தான் கப்பு வந்துச்சு. வயசும் 35. பழைய கதைய வச்சு இந்த வருஷ மேட்ச்சு ஜெயிக்க முடியுமா?"

இருவரும் என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. காரணம் இருக்கிறது.

இருபது வயதில் எங்கள் தெரு கிரிக்கெட் டீமுக்கு நான் காப்டன். டீமில் ஓர் அண்ணன். எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர், துறைமுகத்தில் வேலை. பந்து வாங்கக் காசு அவருடையது. உயரே வரும் பந்தைக் கண்ணெடுக்காமல் பார்த்துப் பிடிக்கக் கற்றுத் தந்ததும் அவர்தான். வயதாக ஆக, எல்லைக் கோட்டிலிருந்து அவர் ஓடி வருவதற்குள் எதிராளி இரண்டு ரன் எடுத்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பெயரை எடுத்துவிட்டேன். புதிதாக வந்த பையன் இரண்டு கேட்ச் பிடித்தான், ஜெயித்தோம். முடிவு சரிதான்.

ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் வழக்கம்போல் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். பதினொரு பேர் உள்ளே நிற்பதை எண்ணினார். "ஷூ கடிக்குதுடா, நீங்க ஆடுங்க" என்று சொல்லித் திரும்பினார். பிறகு அவர் வரவே இல்லை.

நன்றிக்காக இடம் கொடுப்பது ஆட்டத்துக்கு உதவாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டோனியைப் பாருங்கள். 2023-இல் கோப்பையை வென்று, முழங்காலில் ஆபரேஷனும் செய்துகொண்டார். 2025-க்கு 4 கோடி கொடுத்து அணி அவரை வைத்துக்கொண்டது. அப்போது 43 வயது. சேப்பாக்கம் மஞ்சளாக நிரம்பியது. ஆனால் அணி 14 ஆட்டத்தில் 4-தான் ஜெயித்தது. முதன்முறையாகப் பட்டியலில் கடைசி இடம்! கூட்டம் வேறு, வெற்றி வேறு. ஆகவே பையன் கட்சிதான் என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை: ஷூ மாட்டுவதற்கு முன்னால் ஆளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும்.

அன்று இதை டீக்கடையில் சொல்லவில்லை. காசைக் கொடுத்துவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. வந்த விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"இன்னாடா, டீம் லிஸ்ட் சொல்ல இத்தினி வருஷமா?" என்று சிரித்தார். பிறகு உள்ளே திரும்பி, "காப்டன் வந்துகிறான், டீ போடும்மா" என்றார்.