பறக்கும் ரயிலில் ஒரு பைத்தான் வேட்டை!

கையில ஒரு அரியர், பாக்கெட்ல நூறு ரூபா, மண்டைக்குள்ள 'நமக்கெல்லாம் கோடிங் வராதுப்பா'ங்கிற குரல். இந்த மூணும் உங்ககிட்ட இருக்கா? அப்போ நீங்க நம்ம கட்சி! வாங்க, சிந்தாதிரிப்பேட்டையில பறக்கும் ரயில் ஏறுவோம். ஜன்னல் சீட் உங்களுக்கே!

ரயில் கிளம்புறதுக்குள்ள ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். ப்ளஸ் டூ வரைக்கும் நான் தமிழ் மீடியம், பயாலஜி குரூப். கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை. இன்ஜினீயரிங் சேர்ந்தா, முதல் செமஸ்டர்லயே பைத்தான்! லேப்ல பக்கத்து சிஸ்டம் பையன் தட்டுறதைப் பார்த்துத் தட்டியே ஓட்டினேன். எக்ஸாம் ஹால்ல பக்கத்து சிஸ்டம் இல்லையே... அரியர்! ஒரு கோச்சிங் சென்டர்ல போய் விசாரிச்சேன். ஃபீஸைச் சொன்னதும் ஊர்ல அப்பாவோட டீக்கடை கல்லாப்பெட்டி கண் முன்னாடி வந்துச்சு. 'யோசிச்சுச் சொல்றேன் மேடம்'னு எஸ்கேப்!

ஸ்டாப் 1: திருவல்லிக்கேணி

பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே ஓடுற ரயில், சேப்பாக்கத்தைத் தாண்டி திருவல்லிக்கேணியில நிக்கும். இறங்கி பாரதி சாலைக்கு நடங்க. பழைய ஆளுங்க இன்னமும் பைகிராஃப்ட்ஸ் ரோடுன்னுதான் சொல்வாங்க. பிளாட்பாரம் முழுக்க பழைய புத்தகக் கடைகள். மெடிக்கல், சி.ஏ., சமையல் எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு.

"இன்னா தம்பி, கம்ப்யூட்டரா?"ன்னு கேட்டார் கடைக்கார அண்ணன். பைத்தான் புத்தகம் ஒண்ணை எடுத்து நீட்டினார். அறுபது ரூபா. கூடவே ஒரு சேதியும் சொன்னார். "எந்த கம்ப்யூட்டர் புக்கை வேணா பிரிச்சுப் பாரு... மொத அம்பது பக்கம்தான் பென்சில் கோடு இருக்கும். அப்பால எல்லாம் புத்தம் புதுசு!" நாலு புத்தகத்தைப் புரட்டினேன். மனுஷன் சொன்னது நிஜம்! நம்ம கட்சியில இத்தனை பேரான்னு ஒரு அல்ப சந்தோஷம்.

ஹாஸ்டலுக்கு வந்து முதல் புரோகிராமை அப்படியே பார்த்துத் தட்டினேன். எர்ரர். 'ப்ரின்ட்'டுக்கு அடைப்புக்குறி எங்கேன்னு கேட்டுச்சு. போட்டேன். அடுத்தது 'ரா இன்புட்'. அப்படி ஒண்ணு எனக்குத் தெரியவே தெரியாதுன்னுடுச்சு. எழுத்துக்கு எழுத்து சரியாத்தானே அடிச்சோம்? மூணு நாள் முட்டிப் பார்த்துட்டு, புத்தகத்தைத் தலையணைக்கு அடியில தள்ளிட்டேன். எனக்குத்தான் மூளை இல்லைன்னு முடிவே பண்ணியாச்சு.

ஸ்டாப் 2: கோட்டூர்புரம்

அடையாற்றைத் தாண்டினதும் கோட்டூர்புரம். அங்கிருந்து அண்ணா நூற்றாண்டு நூலகம் போகலாம். 2010 செப்டம்பர் 15-ல் திறந்த ஒன்பது மாடிக் கட்டடம். நம்ம புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் உண்டு. நான் போனது ஏ.சி-க்காகத்தான்னு வைங்களேன்!

பக்கத்து நாற்காலியில ஒரு அக்கா, கம்ப்யூட்டர் டீச்சர் தேர்வுக்குப் படிச்சிட்டு இருந்தாங்க. என் அறுபது ரூபா புத்தகத்தை வாங்கி, நேரா காப்பிரைட் பக்கத்தைப் பார்த்தாங்க. "2007-ல வந்த புக் தம்பி. இது பைத்தான் 2. பைத்தான் 3 வந்ததே 2008 கடைசியிலதான். 2020 ஜனவரி 1-லேர்ந்து பழசுக்கு சப்போர்ட்டே கிடையாது. உன் சிஸ்டம்ல இருக்கிறது 3. எப்படிப்பா ஓடும்?"

அட ஆண்டவா! மூணு நாளா என் மூளையைத் திட்டினேனே... தப்பு அந்த வருஷத்துல இருந்திருக்கு!

அக்கா அடுத்துக் கேட்டதுதான் இன்னும் ஆழமா இறங்குச்சு. "உனக்குப் புரியாதது பைத்தானா, இங்கிலீஷா?" பதில் சொல்லத் தெரியலை. தன் பையிலிருந்து ப்ளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாங்க. நம்ம கவர்மென்ட் பாடப்புத்தகம், தமிழ் மீடியம். உள்ளே பைத்தான் 3! வேரியபிள்னா 'மாறி', லூப்னா 'மடக்கு', ஃபங்ஷன்னா 'செயற்கூறு'. மதிப்பு மாறிக்கிட்டே இருக்கும், அதனால அது மாறி. ஒரு செமஸ்டரா புரியாதது ஒரு மதியத்துல புரிஞ்சுது. பி.டி.எஃப்.பா நெட்லயும் இலவசமாக் கிடைக்குது.

அப்புறம் எழுந்து ஷெல்ஃபுக்குப் போனேன். டூயி தசம முறையில அடுக்கின லைப்ரரின்னா 005.133-ங்கிற எண்ணைத் தேடுங்க. புரோகிராமிங் மொழிகளோட வீட்டு நம்பர் அது. ஆனா எடுத்ததும் காப்பிரைட் பக்கம்! நடுவுல ஒரு பக்கத்தைப் படிங்க. கடைசியில பயிற்சிக் கணக்கு இருக்கான்னு பாருங்க. இந்த மூணும் தேறினா, அந்த ஒரு புத்தகத்தை மட்டும் பிடிச்சுக்கங்க. பத்துப் புத்தகத்துல முதல் அம்பது பக்கம் படிச்சா, நாமளும் பென்சில் கோடு பார்ட்டிதான்!

புத்தகத்தோட கேட்கவும் ஆள் வேணுமா? ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல்ல தமிழ்லயே பாடங்கள் உண்டு. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, கூடவே தட்டிப் பழகணும். அடுத்த படிக்கு என்.பி.டி.இ.எல்.-ல சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் எடுத்த பைத்தான் வகுப்பு இருக்கு. பார்க்கக் காசு வேண்டாம். ஆனா அது கொஞ்சம் வேகம். மடக்கும் செயற்கூறும் பழகிட்டுப் போங்க.

ஸ்டாப் 3: திருவான்மியூர்

பிளாட்பாரத்துலேர்ந்தே டைடல் பார்க் தெரியும். 2000-ல் திறந்த ஐ.டி. கட்டடம். எங்க காலேஜுக்குப் பஸ் பிடிக்க இங்கேதான் இறங்குவேன். முன்னெல்லாம் அந்தக் கண்ணாடியைப் பார்த்தாலே தலை குனிஞ்சிடும். போன மாசம் இதே பெஞ்சுல உட்கார்ந்து, போன்ல என் சொந்த புரோகிராமை எழுதினேன். அட்டெண்டன்ஸ் கணக்கு! நாற்பது கிளாஸ்ல முப்பத்துமூணு போயிருக்கேன். 75 சதவிகிதம் குறையாம இன்னும் எத்தனை கட் அடிக்கலாம்?

முதல்ல எர்ரர். பயப்படலை. 'இன்புட்' வாங்குறது எல்லாமே பைத்தானுக்கு எழுத்துதான், 'இன்ட்' போட்டு எண்ணா மாத்தணும்னு அந்தத் தமிழ்ப் புத்தகத்துல படிச்சது ஞாபகம் வந்துச்சு. மாத்தினேன். திரையில வந்தது ஒரே ஒரு எண்... 4. பக்கத்து சிஸ்டத்தைப் பார்க்காம நான் வாங்கின முதல் விடை!

அரியர் எழுதியாச்சு, ரிசல்ட் இன்னும் வரலை. நாலு கிளாஸ் கட் அடிக்கலாம்னு பைத்தானே பர்மிஷன் கொடுத்திருக்கு. ஆனா பாருங்க பாஸ்... இப்போ லேப் கிளாஸை மட்டும் கட் அடிக்க மனசே வரலை!