தளவாய்புரத்தில் ஒரு கணித பாடம்

கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை, வீட்டார் எழுதிக் கொடுத்த நீண்ட ஜாபிதாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தளவாய்புரத்துக்குப் பிரயாணமானோம். நைட்டி முதலிய பெண்களின் ஆயத்த ஆடைகளுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. பேருந்து ராஜபாளையத்தை நோக்கித் திரும்பும் வரையில், வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அதன் உயரம் 192 அடி என்பார்கள். அதைச் சரிபார்க்க உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. சதுரக் காகிதம் ஒன்றை மூலைக்கு மூலை மடித்தால் 45 பாகைக் கோணம் கிடைக்கும். அந்தச் சரிவில் கோபுரத்தின் உச்சி தெரியும் இடத்தில் நின்று, உச்சிக்கு நேர் கீழே உள்ள இடம் வரையில் தரையை அளந்து, நம் கண்ணின் உயரத்தையும் கூட்டிக்கொண்டால் போதும். அதுவே கோபுரத்தின் உயரம். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னையில் லாம்ப்டன் துரை தொடங்கிய மகத்தான தேச அளவையும் திரிகோண கணிதத்தின் பலத்தில் நடந்ததுதான். அந்தக் கணக்கே பின்னால் இமயத்தின் சிகரத்தையும் அளந்தது.

இவற்றையெல்லாம் நாம் வகுப்பில் சொன்னதுண்டா என்றால், இல்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு மாணவி, "இந்த ஸைன், காஸ் எல்லாம் எதற்கு ஸார் உதவும்?" என்று கேட்டாள். "பரீட்சைக்கு உதவும்" என்று விடை சொல்லி உட்கார வைத்தோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்த வருஷம் அவள் கணக்கில் தவறிப் படிப்பையும் நிறுத்திவிட்டாள்.

தளவாய்புரத்தில் நாம் நுழைந்த கடையின் பின்கட்டில், தையல் யந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தவள் அவளேதான்! "வாங்க ஸார்!" என்று எழுந்தாள். நமக்குத்தான் நாக்கு எழவில்லை.

கழுத்துப் பட்டிக்காகத் துணியை மூலைவாட்டில் வெட்டிக்கொண்டிருந்தாள். "ஏனம்மா நேராக வெட்டவில்லை?" என்று கேட்டோம். "கிராஸ் பீஸ்தான் ஸார் இழுத்தால் வளையும். நேர்ப் பீஸ் சுருங்கி நிற்கும்" என்றாள். உண்மைதான். பாவும் ஊடும் சேர்ந்து சிறு சதுரங்களாய் அமைந்ததே துணி. நூலின் வழியே இழுத்தால் அது அசைந்து கொடுக்காது. மூலைவாட்டில் இழுத்தாலோ, சதுரங்கள் சாய்சதுரங்களாகித் துணி நீளும். விட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். துணியே ஒரு ஸ்பிரிங் ஆகிவிடுகிறது!

"ஒண்ணேகால் அங்குலப் பட்டி வேண்டுமென்றால், ஓரத்தில் ஒண்ணேமுக்கால் வைத்துக் கோடு போடணும் ஸார்" என்றாள். மனத்துக்குள் கணக்குப் போட்டோம். ஒன்றேகாலை 45 பாகையின் ஸைனால் வகுத்தால் 1.77 வருகிறது. அவள் நாடாவோ ஒன்றேமுக்கால் என்கிறது. நாம் கற்பிக்கத் தவறிய பாடத்தை அவள் கத்தரிக்கோலிடம் கற்றுக்கொண்டிருந்தாள்.

யந்திரத்தைக் கவனித்தோம். துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தின் மேலும், நூலை இறுக்கும் தட்டுகளின் மேலும் ஸ்பிரிங்குகள் வேலை செய்கின்றன. எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு எதிர்க்கும் என்ற அவற்றின் விதியை 1678-ல் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி வெளியிட்டார். சந்தையில் ஸ்பிரிங் தராசு எடை காட்டுவதும் இந்த விதியினால்தான். சக்கரம் சுழலச் சுழல, ஊசி ஏறி இறங்குகிறது. சக்கரம் திரும்பிய கோணத்துக்கு ஸைன் பார்த்தால், ஏறக்குறைய ஊசியின் உயரம் தெரிந்துவிடும். தராசில் பொருளை வைத்ததும் தட்டு மேலும் கீழும் ஆடுகிறதே, அதுவும் அதே ஸைன் கணக்குப்படிதான்.

இந்த உறவு தற்செயலானதன்று. 499-ல் ஆரியபடர் தம் நூலில் ஸைன் அட்டவணையைத் தந்தபோது, அதை 'ஜ்யா' என்றார். அச்சொல்லுக்கு வில்லின் நாண் என்று பொருள். அது அரபியருக்குப் போய் உருமாறி, லத்தீனில் பிழையாகப் பெயர்க்கப்பட்டு, 'ஸைன்' என்ற வேஷத்தில் நம் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. ஸ்பிரிங்குக்கு நாம் வைத்த பெயரோ சுருள்வில். ஒன்று வில், மற்றொன்று அதன் நாண். வில்லி என்ற வேடர் தலைவனின் பெயரால் விளங்கும் ஊரில் குடியிருந்துகொண்டு இதைச் சொல்லிக்கொடுக்காமல் இருந்தோமே!

"அன்று நீ கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்லவில்லை, அம்மா" என்றோம். அவள் சிரித்தாள். "என் மகள் ஒன்பதாம் வகுப்பு, ஸார். அவளுக்குச் சொல்லுங்கள்" என்றாள்.

ஜாபிதாவில் பாதியை மறந்து வீடு திரும்பினோம். ஆனால் வெட்டி மிஞ்சிய கிராஸ் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறோம். பள்ளி திறந்ததும் அதிலிருந்துதான் பாடம் ஆரம்பம்.