காய்ச்சலோட பரிமாற வேண்டாம்

ஃபுளூ எல்லாம் ஒண்ணுதான்னு நினைக்கிறோம். மனுஷங்களுக்கு அதிகமா வருவது ஏ, பி ரெண்டு வகை. ஏ வகை பறவை, பன்றியிடமும் இருக்கும். அங்கிருந்து புது உருவத்தில் வந்தால் நம் உடம்புக்கு அதை எதிர்க்கத் தெரியாது. 1957-ல் சிங்கப்பூரில் பரவியதும், 2009-ல் வந்த எச்1என்1-ம் ஏ வகைதான்.

நான் ஃபேக்டரி சூப்பர்வைசர். ஒருத்தர் காய்ச்சலோட வேலைக்கு வந்தா அந்த வாரமே லைன்ல நாலு பேர் எம்சி. அன்னதானப் பந்தியும் அப்படித்தான். ஆனா இங்கே உட்கார்ந்து சாப்பிடுறவங்க எழுபது வயசு பாட்டிகள். காய்ச்சல், இருமல் இருந்தா சேவைக்கு வராதீங்க. “வேண்டுதல், விட முடியாது”ன்னு சிலர் சொல்றாங்க. அம்மன் கோவிச்சுக்க மாட்டா, அடுத்த வாரம் ரெண்டு மடங்கு வெங்காயம் உரிங்க!

கிருமி மாறிக்கிட்டே இருக்கும், அதனால ஊசி வருஷா வருஷம் போடணும். உடம்பு தயாராக ரெண்டு வாரம் ஆகும், தைப்பூசத்துக்கு முதல் நாள் போய் நிக்காதீங்க.

எம்சிஓ நேரத்தில் கோயில் மூடினப்போ தனியா இருந்த பெரியவங்க சாப்பாட்டுக்குச் சிரமப்பட்டாங்க. அவங்க பட்டியலை இப்பவே எழுதுறோம். உங்க தாமானில் யாராவது இருந்தா, வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் என்கிட்ட சொல்லுங்க.