மத்தேயுவுக்கு ஒரு மணி நேரம்

செப்டம்பர், இரண்டாம் வாரம்

கிழக்கு லண்டனில் ஓர் அரசுப் பள்ளி. அங்கே ஏ லெவலில் கலை வரலாறு படிப்பவர்கள் ஒரு சிறு வகுப்புதான். அந்தப் பாடம் இன்று இருப்பதே பெரிய விஷயம். 2016 அக்டோபரில் ஏக்யூஏ தேர்வு வாரியம் அதைக் கைவிடப்போவதாக அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியது. அதே ஆண்டு டிசம்பரில் பியர்சன் நிறுவனம் முன்வந்து பொறுப்பேற்றது. 2017 செப்டம்பரில் புதிய பாடத்திட்டம் வகுப்புக்கு வந்தது. அப்படித் தப்பிப் பிழைத்த பாடத்தைத் திரையில் தெரியும் படங்களை மட்டும் காட்டி நடத்தி முடிக்க ஆசிரியைக்கு மனம் வரவில்லை. பிப்ரவரி விடுமுறையில் மாணவர்களை ரோமுக்கு அழைத்துப் போக அனுமதி வாங்கிவிட்டார்.

செப்டம்பர் கடைசி

முதல் பட்டியலில் எல்லாமே இருந்தது. கொலோசியம், ஃபோரம், பாந்தியன், வாடிகன், கேப்பிடலைன் அருங்காட்சியகம், போர்கேசே, அரை டஜன் தேவாலயங்கள். நான்கு நாளில் ஓடி ஓடிப் பார்த்தாலும் முடியாது. பயண நிறுவனங்கள் தரும் நிரல்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. பிள்ளைகள் வாசலில் படம் எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்வார்கள். ஆசிரியை பேனாவை எடுத்தார். கொலோசியத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும். கேப்பிடலைன் அடுத்த முறைக்கு. மையம் ஓவியர் கரவாஜ்ஜோ.

காரணம் எளிது. கரவாஜ்ஜோவின் பெரிய ஓவியங்கள் சில, எந்தச் சுவருக்காக வரையப்பட்டனவோ அதே சுவரில் இன்றும் இருக்கின்றன. ரோமில் அவற்றைப் பார்க்கக் கட்டணமும் இல்லை.

அக்டோபர்

பாஸ்போர்ட் வேலை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபின் விதிகள் மாறிவிட்டன. பாஸ்போர்ட் வழங்கி பத்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். ஒரு மாணவியிடம் இருப்பது இலங்கை பாஸ்போர்ட். அதற்கு ஷெங்கன் விசா என்ற கேள்வி உண்டு. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம் என்பதால், ஓட்டல் பதிவுக்கும் முன்னால் ஆசிரியை கையில் எடுத்தது அந்தக் கோப்பைத்தான். ஒரு பிள்ளை காகிதத்தால் பின்தங்கிவிடக் கூடாது.

நவம்பர், பெற்றோர் கூட்டம்

“இவ்வளவு செலவு செய்து படம் பார்க்கப் போக வேண்டுமா? இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாமே” என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. ஆசிரியை சாந்தா மரியா தெல் போபோலோ தேவாலயத்தின் செராசி சிற்றாலயத்தைப் பற்றிச் சொன்னார். பேதுருவைச் சிலுவையில் ஏற்றும் காட்சி ஒரு பக்கச் சுவரில், பவுல் குதிரையிலிருந்து விழும் காட்சி எதிர்ச்சுவரில். இடம் மிகக் குறுகல். எதன் முன்னாலும் நேராக நிற்க முடியாது. பார்ப்பவர் சாய்வாகத்தான் பார்ப்பார் என்று தெரிந்தே கரவாஜ்ஜோ உருவங்களைச் சாய்த்து வைத்திருக்கிறார். புத்தகமோ திரையோ எப்போதும் நேர் எதிரே நின்று எடுத்த படத்தையே காட்டும். தந்தை படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

நவம்பர் கடைசி

கிழமைகள்தான் நிரலைத் தீர்மானிக்கின்றன. போர்கேசே காட்சிக்கூடம் திங்கட்கிழமை மூடியிருக்கும்; முன்பதிவு கட்டாயம், உள்ளே இரண்டு மணி நேரம் மட்டும். வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறு மூடல், மாதக் கடைசி ஞாயிறு தவிர. புதன் காலையில் போப்பின் பொதுச் சந்திப்பு நடப்பதால் வாடிகன் பகுதியில் கூட்டம் நிரம்பிவிடும். தேவாலயங்கள் பல மதியம் சில மணி நேரம் சாத்தப்படும். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். வாடிகன் தனி நாடு, அங்கே மாணவர் கட்டணம். வகுப்பில் சிலர் 18-ஐத் தாண்டிவிட்டதால் பிறந்த தேதிகளோடு இன்னொரு அட்டவணை.

டிசம்பர்

முதலில் டிராஃபல்கர் சதுக்கம். லண்டன் நேஷனல் கேலரியில் கரவாஜ்ஜோவின் ‘எம்மாவு விருந்து’ இருக்கிறது, 1601-இல் வரைந்தது. அனுமதி இலவசம். அதன் முன்னால் பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்து பழகினார்கள்.

பிறகு வகுப்பறையில் ‘மத்தேயுவின் அழைப்பு’. 1599-1600-இல் சான் லூயிஜி தே ஃப்ரான்செசி தேவாலயத்தின் கோன்டரெல்லி சிற்றாலயத்துக்காக வரைந்தது. உயரமும் அகலமும் பத்தடிக்கு மேல். வரி வசூலிப்பவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். வலப்புறம் இயேசு கை நீட்டுகிறார். அழைக்கப்படுபவர் யார்? தாடிக்காரர் என்பது வழக்கமான விடை. அவருடைய விரல் தன்னைக் காட்டுகிறதா, ஓரத்தில் குனிந்து காசு எண்ணும் இளைஞனையா? ஆய்வாளர்களே இதில் பிரிந்து நிற்கிறார்கள். வகுப்பும் இரண்டாகப் பிரிந்தது. விடையை ஆசிரியை சொல்லவில்லை. ரோமில் நின்று பார்த்து எழுதுங்கள் என்றார்.

இந்த ஓவியம்தான் பயண வரிசையையும் மாற்றியது. இயேசுவின் அந்தக் கை, சிஸ்டைன் கூரையில் மைக்கலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கையை நினைவூட்டும். எனவே வாடிகன் முதலில், சான் லூயிஜி அதற்குப் பிறகு. ஆதாமைக் கண்ணில் ஏந்திக்கொண்டு மத்தேயுவிடம் வர வேண்டும்.

அதே சிற்றாலயத்தின் நடு ஓவியத்துக்கும் ஒரு கதை உண்டு. கரவாஜ்ஜோ முதலில் வரைந்த மத்தேயு ஏற்கப்படாமல் போனார். கலைச் சேகரிப்பாளர் வின்சென்சோ ஜுஸ்தினியானி அந்த ஓவியத்தை வாங்கினார். பின்னாளில் பெர்லின் போய்ச் சேர்ந்து 1945-இல் அழிந்தது. மிஞ்சியிருப்பது கறுப்புவெள்ளைப் புகைப்படம். இதைக் கேட்டதும் வகுப்பு அமைதியானது.

ஜனவரி

கடைசி நாள் நடை: ஒரே தெருவில் கட்டடக் கலைஞர் பெர்னினியின் சாந்த் ஆந்த்ரேயா தேவாலயம், கொஞ்ச தூரத்தில் பொரோமினியின் சான் கார்லோ. இரண்டும் முட்டைவடிவக் கூடங்கள், இரண்டும் பரோக், இரண்டுக்கும் குணம் வேறு. பிறகு கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியல்: தோளும் முழங்காலும் மூடிய உடை, வசதியான காலணி, ஸ்கெட்ச் புத்தகம், பென்சில். கூடவே யூரோ நாணயங்கள்: கோன்டரெல்லியில் காசு போட்டால்தான் விளக்கு எரியும். ஆனால் முதல் பத்து நிமிடம் யாரும் காசு போடக் கூடாது என்பது ஆசிரியையின் கட்டளை. படத்துக்குள் வலப்புறத்திலிருந்து விழும் ஒளி, பீடத்துக்கு மேலுள்ள நிஜ ஜன்னலின் திசையிலிருந்தே வருகிறது. மின்விளக்கு அதை அழித்துவிடும்.

நிரல் தட்டச்சாகிவிட்டது. அதில் சான் லூயிஜியின் பெயருக்கு எதிரே முழுதாக ஒரு மணி நேரம் இருக்கிறது. பிள்ளைகளை ரோமுக்கு அழைத்துப் போக நினைக்கும் ஆசிரியர்கள், வேறு எதை வெட்டினாலும் அந்த ஒரு மணி நேரத்தை வெட்டாதீர்கள்.