கே.கே. நகர் ஃபிளாட் வந்த வழி

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதம் வந்தது. "தாத்தா ஒரு எழுத்தர் சம்பளத்தில் மெட்ராஸில் வீடு வாங்கினார். நான் இரண்டு பட்டம் படித்துவிட்டு டொரன்டோவில் பாதிச் சம்பளத்தை வாடகைக்குக் கொடுக்கிறேன். என்னிடம்தான் ஏதாவது கோளாறா பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். என் தம்பி, உன் அப்பாவிடமும் இதையே கேட்டாயாம். "தாத்தா சிக்கனமாக இருந்தார், நீயும் இருந்து பார்" என்று சொல்லி அவன் முடித்துவிட்டானாம். பத்திரப் பதிவு அலுவலகத்தில், மற்றவர்களின் சொத்துப் பத்திரங்களுக்கு நடுவே என் உத்தியோகக் காலம் முழுவதும் போனது. தம்பி சொன்ன பதில் பாதிதான். மீதியை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி.

தாத்தா சிக்கனமானவர்தான். திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். ஒரே அறை, நாலு குடித்தனத்துக்கு ஒரு குழாய், காலையில் கக்கூஸுக்கு வரிசை. சேப்பாக்கத்தில் இருந்த அலுவலகத்துக்கு நடந்தே போய்வருவார். பாட்டி தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று இரண்டு புடவைக்கு மேல் எடுத்ததில்லை. ஆனால் அந்தத் தெருவில் எல்லோருமே அப்படித்தான் வாழ்ந்தார்கள். சிக்கனத்தால் வீடு வரும் என்றால், இந்த ஊரில் முதலில் வீடு வாங்கியிருக்க வேண்டியவர்கள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்கள். தாத்தாவுக்கு வீடு கிடைத்ததற்குச் சிக்கனத்தோடு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு இந்த நகரம் வீட்டுமனைகளை யார் யாருக்கு எப்படிப் பங்கிட்டது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ வரும்போதெல்லாம் துணி எடுக்கப் போகிறாயே, அந்த தி.நகர் 1920களில் ஏரியைத் தூர்த்து மனை பிரித்த இடம். நீதிக்கட்சி ஆட்சியில் நடந்தது. பிட்டி தியாகராயச் செட்டியார் பெயரை ஊருக்கும், பனகல் அரசர் பெயரைப் பூங்காவுக்கும் வைத்தார்கள். வக்கீல்களும் அதிகாரிகளும் அங்கே மனை வாங்கினார்கள். பிறகு வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. அடையாறு காந்தி நகர் அப்படி உருவானதுதான். சங்கத்தில் சேரப் பங்குத் தொகை வேண்டும், தவணை கட்ட நிலையான வருமானம் வேண்டும். 1940களில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை (சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்) என்று ஒன்றை அமைத்தார்கள். நந்தனத்துக்குப் பக்கத்தில் சி.ஐ.டி. நகர் என்கிறோமே, அந்தப் பெயர் அதிலிருந்து வந்தது. 1961இல் அதன் இடத்தில் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் வந்தது. 1968இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த வெளியைச் சுற்றி அண்ணா நகர் எழுந்தது. அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் எல்லாம் வாரியம் போட்டவை. வயலாகவும் தோப்பாகவும் கிடந்த நிலத்தை 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் அரசு கையகப்படுத்தியது. கிராமத்துக்காரர்களுக்குக் கிடைத்த இழப்பீடு சொற்பம். கூடுதல் கேட்டு அவர்கள் போட்ட வழக்குகளில் சில பிள்ளைகள் தலைமுறை வரை நீண்டதை நான் கோப்புகளில் பார்த்திருக்கிறேன். அந்த மலிவான நிலத்தின் மேல்தான் நம் ஃபிளாட் நிற்கிறது.

1970களின் நடுவில் தாத்தா கே.கே. நகருக்கு விண்ணப்பம் போட்டார். வருமானத்துக்குத் தக்கபடி ஈ.டபிள்யூ.எஸ்., எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று வகை பிரித்திருப்பார்கள். நமக்கு எல்.ஐ.ஜி., அதாவது குறைந்த வருமானப் பிரிவு. குலுக்கலில் பெயர் விழுந்தது. முன்பணத்துக்குப் பாட்டியின் இரட்டை வடச் சங்கிலி போனது. மீதியைத் தவணைக் கொள்முதல் முறையில் மாதாமாதம் கட்டினார். தவணை அவர் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கியது. விலையைச் சந்தை வைக்கவில்லை. நிலத்துக்கு இவ்வளவு, கட்டுமானத்துக்கு இவ்வளவு என்று வாரியமே கணக்குப் போட்டு வைத்தது. அந்தத் தவணைச் சலான்களைத் தாத்தா ஒன்றுவிடாமல் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். கடைசிச் சலான் கட்டிய பிறகு வாரியம் அவர் பெயருக்கு விற்பனைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. நாலு எல்லையும் போட்டு, பிரிக்கப்படாத பாக நிலம் இவ்வளவு சதுர அடி என்று எழுதி, முத்திரைத்தாளில் கையெழுத்தான பத்திரம். பாக நிலத்தைச் சொல்லும் அந்த வரியை மனதில் வைத்துக்கொள். கட்டடம் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே போகும். விலை ஏறுவதெல்லாம் அந்தப் பாக நிலத்துக்குத்தான்.

தாத்தாவின் அலுவலகத்திலேயே ஒருவர் இருந்தார். கோப்புகளைத் தைப்பார், மூட்டை கட்டுவார், தினக்கூலி. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் குடிசை. தாத்தாவை விடச் சிக்கனமானவர். பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது. அவரும் வீட்டுக்கு விண்ணப்பிக்க ஆசைப்பட்டார். விண்ணப்பத்தோடு சம்பளச் சான்றிதழ் வைக்க வேண்டும். தினக்கூலிக்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்? அதோடு அவர் ஆசை முடிந்தது. தாத்தாவுக்கு அந்தச் சான்றிதழ் எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போனால், அவர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததில் போய் நிற்கும். அவர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததற்குக் காரணம், அவருடைய அப்பாவுக்கு ஊரில் இரண்டு ஏக்கர் நஞ்சை இருந்தது. அந்தத் தினக்கூலிக்காரரின் அப்பாவுக்கு, எந்தச் சாதியில் பிறந்தாரோ அந்தச் சாதியின் காரணமாகவே, ஊருக்குள் ஒரு சென்ட் கிடையாது.

அப்படி நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கும் நிலம் கொடுக்க ஒரு முயற்சி நடந்தது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் தலித் மக்களின் நிலைமையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவானது. பஞ்சமி நிலம் என்கிறோமே அதுதான். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் பெருமளவு கைவிட்டுப் போனது. அதை மீட்கக் காரணை கிராமத்து மக்கள் போராடியபோது, 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். சென்னையில் இன்று வீடு விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

அரசு ஏழைகளுக்கு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்குப் பக்கத்திலேயே, அடுக்குக் குடியிருப்பு கட்டினார்கள். மெரினாவை ஒட்டி நொச்சிக்குப்பத்தில் மீனவர்கள் கடலைப் பார்த்த வீடுகளில் குடியேறினார்கள். கட்டடத் தரத்தில் ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் பிழைப்பு அதே இடத்தில் இருந்தது. எனக்கு இதைவிடப் பிடித்த இன்னொரு திட்டம் உண்டு. 1977இல் உலக வங்கிக் கடனில் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, ரோடு, தண்ணீர், சாக்கடை, ஒரு கழிப்பறை வரை அரசு போட்டுக் கொடுத்தது. வீட்டை அவரவர் கைக்கு வந்தபோது அவரவர் கட்டிக்கொண்டார்கள். முதலில் ஓலை, பிறகு ஆஸ்பெஸ்டாஸ், மகன் வேலைக்குப் போனதும் தளம், மகள் கல்யாணத்துக்கு முன்னால் மாடி. அதே பகுதியில் பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் சின்ன மனையின் விலையைக் குறைத்தார்கள். இன்று போய்ப் பார்த்தால் நன்றாக நிலைத்துவிட்ட சாதாரணத் தெருக்கள். வேலை செய்த திட்டம். அதைத் தொடராமல் விட்டதற்கு நியாயமான ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அதே சமயத்தில் காற்று மாறத் தொடங்கியது. 1977இல் எச்.டி.எஃப்.சி., 1989இல் எல்.ஐ.சி. ஹவுசிங் ஃபைனான்ஸ் என்று வீட்டுக்கடன் கம்பெனிகள் வந்தன. 2000க்குப் பிறகு வட்டி இறங்கியது, வங்கிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. கட்டுகிற வட்டிக்கு வருமான வரிச் சலுகை. வரி கட்டுமளவு சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் அதனால் லாபம், வாடகை வீட்டில் இருக்கிற ஆட்டோக்காரருக்கு அதில் ஒரு பைசா இல்லை. 2000இல் டைடல் பார்க் திறந்தது, பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க ஐ.டி. கம்பெனிகள். வாரியமும் தவணையில் வீடு கொடுத்த நாட்களைத் தாண்டி, சுயநிதித் திட்டம் என்று முழு விலையையும் முன்கூட்டியே கேட்கத் தொடங்கியது. நிலம் அதே நிலம். அதைத் துரத்துகிற பணம் மட்டும் பல மடங்கு பெருகியது. அதில் உன்னைப் போல வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இங்கே முதலீட்டுக்கு என்று அனுப்பிய பணமும் உண்டு. வாங்கிப் பூட்டி வைத்த ஃபிளாட்டுகளின் பத்திரம் எத்தனையோ என் மேஜையைக் கடந்து போயிருக்கிறது. பக்கத்திலேயே, கறி சாப்பிடுகிறவர்களுக்கு வீடு கிடையாது என்று சொல்லிச் சாதி கேட்கிற வீட்டுக்காரர்களிடம் வாடகைக்கு அலைந்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது கணக்குப் பார். நம் ஃபிளாட் மாதிரி ஒன்றை இன்று மறுவிற்பனையில் 75 லட்சத்துக்கு வாங்குகிறாய் என்று வைத்துக்கொள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 6 லட்சத்து 75 ஆயிரம் பதிவுக்கே போகும். கைப்பணம் 15 லட்சம் போக, 60 லட்சம் கடன். எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு ஈ.எம்.ஐ. சுமார் 52 ஆயிரம். கட்டி முடிக்கும்போது ஏறத்தாழ ஒன்றே கால் கோடி கட்டியிருப்பாய். தாத்தா இன்று அதே எழுத்தர் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தால் அவருடைய மொத்தச் சம்பளமும் அந்த ஈ.எம்.ஐ.க்குப் போதாது. அவருடைய சிக்கனம் அப்படியே இருந்தும் கே.கே. நகரில் அவர் வீடு வாங்கியிருக்க முடியாது.

கால்வாய்க் கரையில் இருந்தவரைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு கரையைக் காலி செய்தபோது அவர் குடும்பத்தைக் கண்ணகி நகருக்கு ஏற்றிவிட்டார்கள். பழைய இடத்திலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் தள்ளி. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று நகரம் தன் ஏழைகளைத் தெற்கே அனுப்பிக்கொண்டே இருந்தது. மகள் மயிலாப்பூரில் பார்த்த வீட்டு வேலைகளைப் பஸ் செலவும் நேரமும் தின்றுவிட, ஒவ்வொன்றாக விட்டாள். அவர்கள் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. அந்தக் குடியிருப்புகளில் பல வருஷம் குடியிருந்தும் விற்பனைப் பத்திரம் கையில் வராத குடும்பங்கள் ஏராளம்.

இதில் உனக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. நீ கனடா போகக் கடன் வாங்கினோமே, ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட படிப்புக் கடன் என்பதால் வங்கி சொத்து ஜாமீன் கேட்டது. தம்பி கொண்டுபோய் வைத்தது தாத்தாவின் அந்தப் பத்திரத்தைத்தான். கடன் முடிகிறவரை அது வங்கிப் பெட்டகத்தில் இருந்தது. கால்வாய்க் கரையில் இருந்த அந்தப் பெரியவருக்கும் உன் வயதில் ஒரு பேத்தி. பி.எஸ்ஸி.யில் நல்ல மார்க். மேற்கொண்டு வெளியே போய்ப் படிக்க ஆசைப்பட்டாள். ஒதுக்கீட்டு ஆணையை எந்த வங்கியும் ஜாமீனாக ஏற்காது. இப்போது துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் தரவு உள்ளீடு செய்கிறாள். உனக்கும் அவளுக்கும் அறிவில் வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதை உன்னைக் குற்றவாளியாக்க எழுதவில்லை கண்ணு. நீ உழைத்தாய், கடனையும் நீயே அடைத்தாய். டொரன்டோவில் வீடு வாங்க முடியவில்லை என்றால் அதற்காக உன்னை நீயே தாழ்வாக நினைக்காதே. தாத்தாவுக்குக் கிடைத்தது மாதிரி விலையைக் கட்டுப்படுத்தி, தவணையைச் சம்பளத்துக்குள் அடக்கி, ஓர் அரசு உனக்கு வீடு கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அப்படிக் கொடுக்க முடியும் என்பதற்கு நம் குடும்பமே சாட்சி. கொடுத்தபோது யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதற்கும் நம் குடும்பத்துக்குத் தெரிந்தவர்களே சாட்சி. இரண்டையும் சேர்த்தே நினைவில் வை. தம்பியிடம் நானும் பேசுகிறேன்.

உன் தெருமுனையில் குறைந்த வாடகைக் குடியிருப்பு ஒன்று வரப்போகிறது, சொந்த வீட்டுக்காரர்கள் அதை எதிர்த்துக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நாம் வாடகைக்குத்தானே இருக்கிறோம், நமக்கென்ன என்று இருந்துவிடாதே. ஊர்க்கூட்டம் நடக்கும்போது போ. அந்தக் குடியிருப்பு வர வேண்டும் என்று எழுந்து நின்று சொல். தெரிந்தவர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
உன் பெரியப்பா